கழற்சிக்காய் நடுவில் நின்றது

எங்கள் அப்பா எனக்கு மஞ்சக்காணியாகக் கொடுத்தது மேட்டு நிலம். கட்டிக்கொடுக்கிற பெண்ணுக்கு மஞ்சள் குங்குமச் செலவுக்கென்று பிறந்த வீட்டில் கொடுக்கிற நிலத்துக்குத்தான் அந்தப் பேர். பேர் என்னமோ மங்களகரமாகத்தான் இருந்தது. நிலத்தில் மழை பெய்தால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உண்டு, பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. பாகூர் ஏரித் தண்ணீர் எத்தனையோ பேர் வயலை நனைத்துவிட்டு, நல்ல வருஷமாக இருந்தால் கடைசியில் என் அண்ணன் வயல் வரைக்கும் வரும். அங்கிருந்து என் மேட்டுக்கு ஏறாது. வரப்புக்கு அந்தப் பக்கம் அவன் பயிர், இந்தப் பக்கம் என் கட்டாந்தரை.

நான் வாழ்க்கைப்பட்டது ஒதியம்பட்டில். பெரிய குடும்பம், மாமியார் வைத்ததுதான் சட்டம். "உங்கப்பன் குடுத்த காணியில கள்ளிதான் மொளைக்கும்" என்று அந்த அம்மா சொல்லாத நாள் கிடையாது. நானா சும்மா இருப்பேன்? "நெல்லு மொளைக்க வெச்சிக் காட்டுறேன், பாத்துக்கினே இருங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வந்து என் மேட்டிலேயே ஒரு குடிசை போட்டுவிட்டேன். அவர் அதிகம் பேசுகிற மனுஷர் இல்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்று சொல்லாதவரை, சரி என்று சொன்னவராக நானே வைத்துக்கொண்டேன். ஒரு போகம் நெல் எடுத்துவிட்டால் போதும், பிறகு அந்தப் பெரிய வீட்டின் அடுப்படிக்கு நான் திரும்ப வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது தண்ணீர். வேறு எந்தக் குறையும் எனக்கு இருக்கவில்லை.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம் அது. இரண்டாவது உலகச் சண்டை இன்னும் வரவில்லை. எங்கள் சீமையில் ஆழமாகக் குழாய் இறக்கினால் சில இடங்களில் தண்ணீர் தானாகவே மேலே பொங்கி வரும். ஏற்றம் வேண்டாம், மாடு வேண்டாம், ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு ஊற்றுக்குழாய் போடலாம் என்று முதலில் சொன்னது அண்ணன்தான். இரண்டு பேருக்கும் பொதுவாகப் போடுவது, தண்ணீரை இரண்டு பேரும் பாய்ச்சிக்கொள்வது என்று பேசினோம். குழாய் இறக்குகிற மேஸ்திரி இங்கிலீஷ்காரன் எல்லையிலிருந்து வந்தவர். நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "மேட்டுல போட்டாத்தான் ரெண்டு பக்கமும் பாயும். பள்ளத்துல போட்டா பள்ளத்துக்கு மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டார். மேடு என்னுடையது. எனக்கு உள்ளுக்குள் பூரிப்பு. அண்ணன் சிரித்துக்கொண்டே, "எங்க போட்டா இன்னா? என் தங்கச்சி நெலம் என் நெலந்தானே" என்றான். அந்தச் சிரிப்பை நான் அப்படியே நம்பினேன்.

இரும்புக் குழாய்கள் புதுச்சேரியிலிருந்து வண்டியில் வந்தன. எங்கள் எல்லையைத் தாண்டி, இங்கிலீஷ்காரன் எல்லையில் கொஞ்ச தூரம் போய், மறுபடி எங்கள் எல்லைக்குள் நுழைய வேண்டும். ஒவ்வொரு சாவடியிலும் வண்டியை நிறுத்திக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்களாம், சாராயம் ஒளித்துக் கொண்டு போகிறார்களோ என்று. வண்டிக்காரன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நாங்களும் சிரித்தோம்.

வேலை நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. மூன்று மரத்தை நட்டு உச்சியைச் சேர்த்துக் கட்டி, அதில் கப்பி மாட்டிக் கயிறு தொங்கும். கயிற்றின் முனையில் கனமான இரும்பு. அதை இழுத்து இழுத்து விட்டால் அது குழாய்க்குள்ளே விழுந்து அடி மண்ணை இடித்து அள்ளும். அடியில் மண் குறையக் குறைய, வெளிக்குழாய் கீழே இறங்க வேண்டும். அது சும்மா இறங்குமா? அதற்காகக் குழாயின் கழுத்தில் ஒரு பலகை மேடையை இறுக்கி முடுக்கிவிடுவார்கள். மேடையின் நாலு பக்கமும் ஆட்கள் ஏறி உட்காருவார்கள். அந்தப் பாரத்தில் குழாய் மெல்ல மெல்ல அமிழும். ஊரில் தொப்பை வைத்தவர்களுக்கெல்லாம் அப்போது என்ன மரியாதை! கள்ளுக்கடைக்காரர் ஒருவர் இருந்தார், நல்ல கனம். "வாங்க, வந்து சும்மா குந்துங்க, அதுதான் வேலை" என்று அவரைக் கும்பிட்டு அழைத்து வருவார்கள். அவர் ஒரு மூலையில் உட்கார்ந்தால் எதிர் மூலைக்கு இரண்டு பேர் வேண்டும்.

மேடை ஒரு பக்கம் சாய்ந்தால் குழாயும் அந்தப் பக்கம் சாயும். "மேல நூலளவு சாஞ்சா கீழ மொழக் கணக்குல போயிடும், அப்புறம் ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது" என்பார் மேஸ்திரி. அவரிடம் ஒரு ரசமட்டம் இருந்தது, மரக்கட்டைக்குள் கண்ணாடிக் குழல், அதற்குள் ஒரு குமிழி. வேலையை நிறுத்திவிட்டு வைத்தால் சரியாகக் காட்டும். இடி விழுந்துகொண்டிருக்கும்போது குமிழி கிடந்து துடிக்கும், ஒன்றும் தெரியாது. அதற்கு அவர் வேறு வழி வைத்திருந்தார். நடு லேசாகக் குழிந்த ஒரு பித்தளைத் தட்டை மேடையின் மேல் களிமண் வைத்துப் பதித்து, அதில் ஒரு கழற்சிக்காயைப் போடுவார். பெண்பிள்ளைகள் தூக்கிப் போட்டு விளையாடுகிற, வழவழவென்று உருண்டையாக இருக்கிற அதே காய்தான். இடி விழும்போது காய் துள்ளும், உருளும். துள்ளித் துள்ளி எந்தப் பக்கம் போய் அடங்குகிறதோ அந்தப் பக்கம் சாய்வு. உடனே எதிர்ப்பக்கம் ஆளைத் தள்ளி உட்காரவைத்தால் மேடை நிமிரும். காய் நடுவிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் எல்லாம் சரி.

தட்டு என்னுடையது, சீர் வரிசையில் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்காருகிற வேலையும் எனக்கே வந்தது. ஆண்களெல்லாம் பாரத்துக்கு வேண்டும். நான் எலும்பும் தோலுமாக இருந்தேன், குழாயை ஒட்டி நடுவில் உட்கார்ந்தால் எந்தப் பக்கமும் கனக்காது. "உன் நெலம், உன் தண்ணி. உன்ன விடக் கண்ணு கொட்டாம பாக்கறவ யாரு?" என்று அண்ணன்தான் சொன்னான். பொம்பளை மேடையேறலாமா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன்.

அந்த நாட்களைப் போல் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு. "வடக்க சாயுது! தெற்க ஒரு ஆளு வாங்க!" என்று நான் கத்துவேன். ஊரில் பெரிய மனுஷர்களெல்லாம் வேட்டியை மடித்துக்கொண்டு நகர்வார்கள். "மகாராணி உத்தரவு" என்று கிண்டல் செய்வார்கள். என் வீட்டுக்காரர் கிழக்கு மூலையில் உட்கார்ந்திருப்பார். நான் நகரச் சொன்னால் நகருவார், ஒரு வார்த்தை பேசமாட்டார். குழாய் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி ரசமட்டம் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் தலையாட்டினார்.

தட்டை மேஸ்திரி பதித்த பிறகு யாரும் தொடக்கூடாது. அதற்கு ஒரே விலக்கு வெள்ளிக்கிழமைப் பூசை. கங்கம்மா மேலே வரவேண்டும் என்று தட்டுக்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுவது வழக்கம். வீட்டுக்கு மூத்த ஆம்பிளை என்று அண்ணன் அதைச் செய்வான். தட்டை எடுத்துக் கழுவி, களிமண்ணில் பழைய தடத்திலேயே திரும்ப வைத்து, சுற்றிலும் சந்தனம் பூசுவான். பூசை போட்ட தட்டை, மாட்டின குழாய் முழுசும் அமிழ்கிற வரைக்கும் அசைக்கக்கூடாது என்றும் ஒரு கட்டுப்பாடு. அதற்குப் பிறகு அடுத்த குழாய் மாட்டும்போது மேஸ்திரி மட்டம் பார்த்துச் சரிசெய்வார்.

மேஸ்திரிக்குத் திருவாண்டார்கோயில் பக்கம் இன்னொரு குழாய் வேலை இருந்தது. எங்களுக்குப் புதுக்குழாய் ஒன்றை மாட்டி, மட்டம் பார்த்துவிட்டு, ரசமட்டத்தையும் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு அங்கே போனார். "காயப் பாத்துக்கினு எறக்குங்க, நான் வந்துடறேன்" என்றார். அவர் போன மறுநாள் வெள்ளிக்கிழமை.

அண்ணன் பூசை போட்டான். நாங்கள் எல்லாரும் மேடையைச் சுற்றிக் கீழே நின்றோம். தேங்காய் உடைத்தான். கற்பூரம் காட்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு, ஆத்தா, ஒரு போகம் நெல்லுக்கு வழிவிடு என்று வேண்டிக்கொண்டேன். பிறகு எல்லாரும் ஏறி உட்கார்ந்தோம். காய் மேற்கே ஓடியிருந்தது. ஆட்கள் இறங்கி ஏறினதில் மேடை அசைந்திருக்கும் என்று நினைத்தேன். "மேற்க சாயுது! கெழக்க வாங்க!" என்றேன். ஒரு ஆள் போதவில்லை. கள்ளுக்கடைக்காரரையும் கிழக்கே வரச் சொன்னேன். "இன்னும் தள்ளி, ஓரத்துல குந்துங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தள்ளி உட்கார்ந்தார். காய் நடுவுக்கு வந்தது. நானும் மூச்சு விட்டேன்.

அந்தக் குழாய் இறங்குகிற வரைக்கும் கண் கொட்டாமல் பார்த்தேன். காய் மேற்கே போகும், நான் கிழக்கே ஆளைத் தள்ளுவேன். ஒருநாள் மத்தியானம் குழாய் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே போன இரும்பு மேலே வரவில்லை. எல்லாரும் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள், கயிறு அறுந்ததுதான் மிச்சம். ஆட்கள் மேடையிலிருந்து தடதடவென்று குதித்தார்கள். அந்தக் கூச்சலில் அண்ணன் ஏறிப் போய், "சாமி தட்டு, யார் காலாவது பட்டுடப் போவுது" என்று தட்டைப் பெயர்த்து எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டு இறங்கினான். என்ன பக்தி என்று நினைத்தேன். அடப்பாவி!

மேஸ்திரிக்கு ஆள் போய் அழைத்து வந்தார்கள். அவர் குழாயின்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. "கெழக்கால சாஞ்சி போயிருக்குது. உள்ள எங்கயோ ஒடிஞ்சிப் போயிட்டுது. இது செத்த குழாய்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா, காயப் பாத்துக்கினுதான் இருந்தியா, இல்ல ஊர்க்கதை பேசிக்கினு இருந்தியா?"

"நடுவுலதான் நின்னுச்சு மேஸ்திரி. சத்தியமா நடுவுலதான் நின்னுச்சு."

யார் நம்புவார்கள்? பொம்பளையை ஏற்றினதுதான் தோஷம் என்று முணுமுணுத்தவர்கள் இப்போது உரக்கவே சொன்னார்கள். எனக்கே என் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நான் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் வந்து என் தலையைத் தடவி, ஊர் கேட்க, "வுடுங்கப்பா, என் தங்கச்சிய யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. கொழந்த, தெரியாம நடந்து போச்சி" என்றான். அந்த நேரத்தில் அவனைத் தெய்வமாக நினைத்தேன்.

மிச்சமிருந்த குழாய்களை என்ன செய்வது? செத்த குழாய் பக்கத்தில் மறுபடி இறக்க முடியாது, வேறு இடம் பாருங்கள் என்றார் மேஸ்திரி. அண்ணன் வயலில் இறக்கினார்கள். அங்கே மேஸ்திரியே கூட இருந்தார், தட்டும் அவருடையது, என்னை மேடைப் பக்கம் யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர் வந்த அன்றைக்கு ஊரே ஓடிற்று. குழாய் வாயிலிருந்து பொங்கி நுரைத்துக் கொட்டிற்று. நானும்தான் ஓடினேன், நானும்தான் குலவை இட்டேன். அண்ணன் தண்ணீர் என் தண்ணீர் இல்லையா?

அந்தத் தண்ணீர் அவன் வயலில் பாய்ந்து, மிச்சம் ஓடையில் போய் விழுந்தது. என் மேட்டுக்கு எப்படி ஏறும்?

பழைய மேடைப் பலகைகள் என் நிலத்திலேயே கிடந்தன. குடிசைக்குக் கதவு போடலாம் என்று ஒன்றை இழுத்துப்போட்டுச் சுரண்டினேன். அதுதான் தட்டு பதித்த பலகை. களிமண் காய்ந்து, தட்டின் அடி வளையம் பதிந்து அச்சாக இருந்தது. குழாயை ஒட்டி வளைத்து வெட்டின ஓரத்தை வைத்துத் திசை தெரிந்தது. கிழக்குப் பக்கத்தில் மட்டும் களிமண்மேல் தடிப்பாகச் சந்தனம். தட்டுக்குச் சுற்றிலும் பூசுகிற சந்தனம் தட்டுக்கு அடியில் எதற்கு? நகத்தால் பெயர்த்தேன். உள்ளே ஒரு கொட்டாங்கச்சிச் சில்லு. உடைத்த தேங்காயிலிருந்து தெறித்தது தானாகப் போய்ச் சந்தனத்துக்குள் ஒளிந்துகொள்ளுமா?

உடனே அண்ணன் வீட்டுக்கு ஓடத் தோன்றிற்று. இருந்தாலும் அவசரப்படவில்லை. பலகையைப் பழைய திசையிலேயே தரையில் போட்டு, சாப்பாட்டுக் கிண்ணத்தில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி அதன்மேல் வைத்து, எந்தப் பக்கமும் வழியாதபடி பலகைக்கு அடியில் மண் தள்ளித் தள்ளி மட்டம் செய்தேன். பிறகு அண்ணன் கழுவித் திருப்பிக் கொடுத்திருந்த என் தட்டைக் கொண்டுவந்து பழைய தடத்தில் சில்லோடு வைத்துக் காயைப் போட்டேன். அது நேரே மேற்கு ஓரத்துக்கு ஓடிற்று. சில்லை எடுத்துவிட்டு வைத்தேன். நடுவில் நின்றது. மறுபடி சில்லை வைத்தேன். மறுபடி மேற்கே ஓடிற்று. மேடை மட்டமாக இருந்தபோது சாய்கிறது என்று தட்டு சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு நான் கிழக்கே ஆளைத் தள்ளித் தள்ளி, என் குழாயை என் வாயாலேயே சாய்த்திருக்கிறேன். அவன் கையால் செய்திருந்தால்கூட இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. என்னை வைத்தே செய்துவிட்டான்!

தட்டையும் சில்லையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, "இன்னாண்ணா இது?" என்றேன்.

அவன் பார்த்தான். மறுக்கவில்லை. "உள்ள வா. தெருவுல நின்னு கத்தாத."

"கத்துவேன். பொம்பளைய ஏத்துனதுதான் தோஷம்னு ஊரே கத்துச்சே, அத மட்டும் கேட்டுக்கினு இருந்தியே."

அவன் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். "தண்ணி உன் மேட்டுல இருந்தா, காவாயத் தொறன்னு நான் யார்கிட்டப் போய் நிக்கணும்? உன் புருசங்கிட்ட. பொண்ணு குடுத்தவன் காலத்துக்கும் மாப்ள வாயப் பாத்துக்கினு நிக்கணுமா?"

"நான் இல்லையா? என்னக் கேட்டா ஆவாதா?"

"நீ அவன் வூட்டு ஆளுடி."

"பயமா இருந்தா மொதல்லயே உன் வயல்ல போடறேன்னு சொல்ல வேண்டியதுதானே? நான் இன்னா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருப்ப" என்றான்.

உண்மைதான், சொல்லியிருப்பேன். சண்டைக்கே போயிருப்பேன். அதனால் என்ன? சண்டை போட்டுத் தோற்றிருந்தால் அண்ணன் என்றாவது ஒருவன் எனக்கு மிஞ்சியிருப்பான்.

"வேணும்னா ஏற்றம் போட்டு எறைச்சிக்க. யாரு வாணாம்னா?" என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னான்.

"அன்னிக்கு என் தலையத் தடவுனியே, அது எதுக்கு?" என்று கேட்டேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். நாசமாய்ப் போ என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வரப்பு முழுக்க அழுதுகொண்டே வந்தேன். ஆனால் நான் தனி ஆள் இல்லை, என் வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் இன்றைக்காவது வாய் திறப்பார், இரண்டு பேருமாகச் சேர்ந்து மேஸ்திரியைக் கூப்பிட்டு ஊர் நடுவில் நியாயம் கேட்கலாம் என்று எண்ணியிருந்தேன். அவர் குடிசை வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தட்டு, சில்லு, சந்தனம், அண்ணன் சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கயிறு திரிப்பதை நிறுத்தவில்லை.

"உங்களுக்குக் கோவம் வரலையா?"

இன்னொரு நாரை எடுத்துச் சேர்த்து முறுக்கினார்.

"உங்களத்தான் கேக்கறேன். கல்லு மாதிரி குந்தியிருக்கீங்களே, ஒரு வார்த்த சொல்லுங்க."

"கற்பூரம் காட்டும்போது எல்லாரும் கண்ண மூடுனாங்க" என்றார். "நான் மூடல."

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அவர் கையிலிருந்த கயிற்றைப் பிடித்து நிறுத்தினேன். "பாத்தீங்களா? பாத்துட்டு என்கிட்டச் சொல்லலையா?"

"எனக்கு எங்க ஊருக்குப் போவணும்மே. இங்க தண்ணி வந்துட்டா நீ வரமாட்ட."

"தள்ளிக் குந்துங்கன்னு நான் சொன்னேனே. ஓரத்துக்குப் போங்கன்னு சொன்னேனே."

"குந்துனேன்" என்றார்.

அண்ணனைத் திட்ட எனக்கு வாய் இருந்தது. இவரைத் திட்ட ஒரு சொல்லும் வரவில்லை. வருஷக்கணக்காக ஒரே பாயில் படுத்த மனுஷர். நான் கத்திக் கத்திக் குழாயைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தபோது, கை எட்டுகிற தூரத்தில் எல்லாம் தெரிந்து உட்கார்ந்திருந்திருக்கிறார். ஊர் என்னைப் பழித்த அன்று ராத்திரி எனக்குச் சோறு போட்டு, சாப்பிடு என்று சொன்னாரே, அப்போதும் தெரியும். நியாயம் கேட்கப் போகலாம் என்ற எண்ணம் அதோடு போயிற்று. கேட்டால் சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது?

தை பிறந்ததும் குடிசையைப் பிரித்துவிட்டு ஒதியம்பட்டுக்குக் கிளம்பினோம். மூட்டையை அவர் தலையில் வைத்துக்கொண்டார். மேட்டிலிருந்து இறங்குகிற வழி அண்ணன் வயல் வரப்புதான், வேறு வழி கிடையாது. கதிர் முற்றிக்கொண்டிருந்தது. ஊற்றுக்குழாய்ப் பக்கம் வந்ததும் அவர் மூட்டையை இறக்கி வைத்தார். காலைக் கழுவினார், முகத்தைக் கழுவினார், இரண்டு கையாலும் ஏந்தி வயிறு நிறையக் குடித்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"இளநி கணக்கா இருக்குதுமே. நீயும் வந்து ஒரு வாய் குடி."

"நீங்களே குடிங்க" என்று சொல்லிவிட்டு நான் முன்னால் நடந்தேன்.